தஞ்சைச் சுவரில் தில்லை: ஒரு சோழர் ஓவியத்தைக் கொஸ்லந்தையிலிருந்து பார்த்தல்

கொஸ்லந்தை, பூனாகலை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக் காம்பராக்களின் முன்சுவரில் ஒரு கோயில் படம் தொங்குவது வழக்கம். மதுரை மீனாட்சி கோபுரம், தஞ்சைப் பெரிய கோயில், சிதம்பரம் நடராசர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பெரும்பாலும் புது வருடத்துக்குக் கடையில் கொடுத்த கலண்டர் படமாகத்தான் அது வந்திருக்கும். வருடம் முடிந்ததும் திகதித் தாள் போய்விடும், படம் மட்டும் சுவரிலேயே தங்கிவிடும். அந்தக் கோயில்களை நேரில் பார்த்தவர்கள் அந்த வீட்டில் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்தப் படம் அவர்களுடைய முன்னோர் புறப்பட்டு வந்த திசையைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

பெரிய கட்டடம் ஒன்றைக் காட்டும் படத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம்? "எவ்வளவு பெரிசு, எப்படிக் கட்டினார்களோ" என்ற வியப்போடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். கட்டடத்தின் பெருமையே படத்தின் பெருமை என்று எண்ணிவிடுகிறோம். ஓவியர் எதைப் பெரிதாக வரைந்தார், எதைச் சிறிதாக்கினார், யாரை உள்ளே விட்டார், யாரை வெளியே நிறுத்தினார் என்று கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகுவதற்கு ஏற்ற ஓவியம் ஒன்று ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாகத் தஞ்சாவூரில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவரில், சிதம்பரத்தின் பொன்னம்பலத்தைக் காட்டும் சோழர் கால ஓவியம் அது. ஒரு மாபெரும் கட்டடத்துக்குள்ளே இன்னொரு புகழ்பெற்ற கட்டடத்தின் படம்.

ஓவியம் எங்கே இருக்கிறது

இராசராசீச்சரம் என்று கல்வெட்டுகள் சொல்லும் தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராசன் கட்டினான். அவனுடைய ஆட்சிக்காலம் 985 முதல் 1014 வரை. கோயில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்கான செப்புக் கலசத்தை அவன் தனது இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 1010இல் கொடுத்ததைக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. ஏறக்குறைய 60 மீற்றர் உயரத்துக்கு எழும் விமானம் அது. 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

வெளியிலிருந்து பார்க்கும்போது கருவறைச் சுவர் ஒன்றே போலத் தோன்றும். உண்மையில் சுவர்கள் இரண்டு. உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய நடைபாதை போகிறது. இதைச் சாந்தாரம் என்பார்கள். இந்த நடைபாதை இரண்டு தளங்களாக இருக்கிறது. மேல்தளத்தில் நாட்டியக் கரணங்கள் 108ஐயும் செதுக்கத் தொடங்கி, 81 கரணங்களோடு வேலை நின்றிருக்கிறது. மிச்சக் கற்கள் இன்றுவரை வெறுமையாகவே உள்ளன. கீழ்த்தளத்தின் சுவர்களில்தான் ஓவியங்கள் இருக்கின்றன. தெற்கில் தட்சிணாமூர்த்தி, மேற்கில் சுந்தரர் வரலாறும் தில்லைப் பொன்னம்பலமும், வடக்கில் முப்புரம் எரித்த சிவன்.

இந்த இடத்தின் அமைப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நடைபாதை குறுகலானது, வெளிச்சம் குறைந்தது. ஓவியமோ சுவர் முழுவதும் உயர்ந்து நிற்கிறது. பின்னால் தள்ளி நின்று முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க இடமில்லை. விளக்கோடு நடந்து, கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாகத்தான் பார்க்க முடியும். புத்தகங்களில் நாம் காணும் முழுப் படங்கள் பல புகைப்படங்களை இணைத்துப் பெற்றவை. வரைந்தவர்கள்கூடத் தங்கள் வேலை முழுவதையும் ஒரே நேரத்தில் கண்ணால் கண்டிருக்க வழியில்லை.

சுண்ணாம்புக்குப் பின்னால் கிடைத்தது

பல நூற்றாண்டுகள் இந்த ஓவியங்கள் இருப்பதே தெரியாமல் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில், தஞ்சை நாயக்கர் காலத்தில், சோழர் ஓவியங்களின் மேல் புதிதாகச் சுண்ணாம்புச் சாந்து பூசி வேறு ஓவியங்களைத் தீட்டினார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அதற்கு அடியில் இன்னொரு பழைய ஓவியம் இருப்பதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அஜந்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த கலை வரலாற்றாளர்களுக்கு, தமிழ்நாட்டில் சோழர் வண்ணங்கள் இவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்பது பெரிய செய்தி.

பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் சாந்தையும் வண்ணங்களையும் ஆராய்ந்தார். சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டும் முறையில் இவை வரையப்பட்டன என்பது அவருடைய முடிவு. இந்த முறையில் சாந்து காய்வதற்குள் கை ஓட வேண்டும். பிழையை அழித்துத் திருத்த நேரமில்லை. காவி, மஞ்சள், பச்சை மண் வண்ணங்களும் கரிக் கறுப்பும் சுண்ணாம்பு வெள்ளையும் காய்ந்த சாந்தோடு ஒன்றாகிவிடும். ஆயிரம் ஆண்டு தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் எதைக் காப்பது? நாயக்கர் ஓவியமும் முந்நூறு ஆண்டுப் பழமை கொண்டதுதானே. இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் ஒரு வழி கண்டார்கள். மேலே இருந்த நாயக்கர் கால ஓவியத்தைப் பூச்சோடு சேர்த்து முழுதாகப் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தினார்கள். அடியில் இருந்த சோழர் ஓவியம் வெளிப்பட்டது. ஒன்றைக் காட்ட மற்றதை அழிக்க வேண்டியிருக்கவில்லை.

பொன்னம்பலம் எப்படித் தெரிகிறது

இப்போது படத்துக்கு வருவோம். சரிந்த கூரையுடைய ஒரு மண்டபம். அதற்குள் ஆடும் நடராசர். மண்டபத்தை ஒட்டி வழிபட நிற்கும் ஓர் அரசன், அரச மகளிர், அவர்களைச் சூழ்ந்த பெண்கள் கூட்டம். அரசன் இராசராசனே, உடன் நிற்பவர்கள் அவனுடைய தேவியர் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பெயர் எழுதி வைக்காத ஓவியம் என்பதால் வேறு கருத்துகளும் உண்டு. இதே சுவர்களில் தாடி வைத்த முதியவரும் அவருக்குப் பின்னால் இளையவரும் நிற்கும் புகழ்பெற்ற படத்தை "கருவூர்த்தேவரும் இராசராசனும்" என்று பாடப் புத்தகங்களில் போடுகிறார்கள். அந்த அடையாளமும் எல்லோரும் ஏற்றுக்கொண்டது அல்ல.

கட்டடத்தைப் பாருங்கள். இன்று சிதம்பரம் என்றதும் நம் கண்முன் வருவது வானளாவிய கோபுரங்கள். கலண்டர் படத்தில் நடராசருக்குப் பின்னால் கோபுரம் கட்டாயம் இருக்கும். தஞ்சை ஓவியத்தில் அந்தக் கோபுரங்கள் இல்லை. ஓவியர் மறந்துவிடவில்லை. சிதம்பரத்தின் நான்கு பெருங்கோபுரங்களும் 12ஆம் நூற்றாண்டு முதல் எழுந்தவை. ஓவியம் வரைந்த காலத்தில் தில்லையின் பெருமை உயரத்தில் இல்லை, பொன் வேய்ந்த அந்தச் சிறிய அம்பலத்தில் இருந்தது. அந்தக் கூரைக்குப் பொன் வேய்ந்தவன் என்று முதலாம் பராந்தகனைச் சோழர் மரபு கொண்டாடுகிறது.

இன்றும் சிதம்பரத்தில் சிற்றம்பலம் கற்கோயில்களின் தோற்றத்தில் இல்லை. மரச் சுவரும் சரிந்த பொற்கூரையுமாக, மற்றக் கோயில்களிலிருந்து விலகியே நிற்கிறது. நம் ஊர்க்காரருக்கு இந்த வடிவம் அந்நியமல்ல. பதுளை ஹாலிஎலவுக்கு அருகே உள்ள போகொட மரப்பாலத்தின் ஓட்டுக் கூரையை, அல்லது கண்டி எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண் மண்டபத்தைப் பார்த்தவர்கள், தில்லை அம்பலத்தின் கூரையைக் கண்டதும் "இது நம்ம பக்கத்துக் கட்டடம் மாதிரி இருக்கே" என்று சொல்லக்கூடும். மழை அதிகம் பெய்யும் நாடுகளில் மரமும் சரிந்த கூரையும் பழைய துணைகள். கேரளத்துக் கோயில்களிலும் இதைக் காணலாம். கல்லில் 60 மீற்றர் எழுப்பிய அரசன், தன் கோயிலின் உள்ளே மிகப் புனிதமான இடத்தில் வரையச் செய்தது ஒரு மரக் கட்டடத்தை.

அடுத்தது அளவு. அம்பலத்துக்குள் நடராசர் அடங்கி நிற்கவில்லை, அதை நிறைத்துக்கொண்டு ஆடுகிறார். உண்மையான அளவுக் கணக்கில் ஒரு மண்டபமும் அதற்குள் உள்ள திருமேனியும் இப்படி இருக்காது. ஓவியர் கட்டடத்தின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டார். உள்ளே இருப்பதையும் வெளியே நிற்பவரையும் நாம் ஒரே சமயத்தில் காண்கிறோம். நிழல் இல்லை, தூரத்துப் பொருள் சிறுத்துப் போவதில்லை. ஓடும் கோடுதான் உடலையும் துணியையும் நகையையும் உண்டாக்குகிறது. இந்தப் படத்தில் கட்டடம் ஒரு சட்டகம். கண் போக வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது.

வெள்ளைக்காரர் வரைந்தபோது

இதன் தனித்தன்மை புரிய வேண்டுமானால் தஞ்சைக் கோயிலையே வேறு கண்கள் எப்படிப் பார்த்தன என்று ஒப்பிட வேண்டும். 1792இல் ஆங்கிலேய ஓவியர்களான தோமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் தென்னிந்தியாவில் சுற்றினார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று கோயில்களையும் அரண்மனைகளையும் மலைக்கோட்டைகளையும் வரைந்துகொண்டு போனார்கள். இங்கிலாந்து திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 அச்சுப் படங்களாக "ஓரியன்டல் சீனரி" என்ற பெருந்தொகுப்பை வெளியிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் படம் அதில் 1798இல் வந்தது.

டேனியல்களின் படங்களில் கட்டடமே கதாநாயகன். வானமும் வெளிச்சமும் மரங்களும் அதற்காக ஒழுங்கு செய்யப்பட்டவை. மனிதர்கள் அடியில் சின்னச் சின்னதாக நிற்பார்கள். கட்டடம் எவ்வளவு பெரிது என்று அளந்து காட்டுவதற்கும், காட்சிக்குக் கொஞ்சம் நிறம் சேர்ப்பதற்கும்தான் அவர்கள் தேவைப்பட்டார்கள். வரைந்தவர்களின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்று அழிந்துபோன பல பகுதிகளை அறிய அந்தப் படங்கள்தான் துணை. ஆனால் அந்தப் படங்களுக்குள் நாம் யாருடைய பெயரையும் கதையையும் தேட முடியாது.

1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற சென்னை அரசாங்கப் புகைப்படக்காரர் தஞ்சைக்கு வந்தார். கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். கட்டடத்தின் உயரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது, அவர் குனிந்து அதன் எழுத்தைப் பார்த்திருக்கிறார். அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்பதற்குப் பின்னால் வருவோம். அதற்கு முன் மேற்குச் சுவரின் இன்னொரு படம்.

அதே சுவரில் ஓர் ஓலை

பொன்னம்பலத்தின் அருகே, மேற்குச் சுவரிலேயே சுந்தரமூர்த்தி நாயனாரின் கதை இருக்கிறது. கதை நமக்குத் தெரிந்ததுதான். திருமண வேளையில் கிழவர் ஒருவர் வந்து, "இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்று வழக்காடுகிறார். கோபத்தில் சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழவரோ மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். அந்த ஊர்ச் சபை கூடுகிறது. பாட்டனின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும், நீ இவருக்கு ஆள் என்று தீர்ப்புச் சொல்கிறது. "உம்முடைய வீடு எங்கே" என்று கேட்டால், கிழவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துவிடுகிறார். வந்தது சிவன்.

சேக்கிழார் இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் விரித்துப் பாடியது 12ஆம் நூற்றாண்டில். தஞ்சை ஓவியம் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. கீழே கல்யாணச் சமையல் நடக்கிறது. அதற்கு மேல் சபை கூடியிருக்கிறது. குடையும் ஓலையுமாகக் கிழவர் நிற்கிறார். அருகே கோயிலுக்குள் விரையும் கூட்டம். இன்னும் மேலே, சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகிறார்கள். உச்சியில் சிவனும் உமையும், ஆடலும் பாடலும். ஒரே சுவரில் பல நேரங்கள். ஒரே ஆள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறார். கீழிருந்து மேலாக நடந்து பார்க்க வேண்டிய அந்த இருட்டு நடைபாதைக்கு இந்த அமைப்பு எவ்வளவு பொருந்துகிறது என்று கவனியுங்கள்.

இங்கேயும் ஒரு கோயில் இருக்கிறது. ஆனால் அது அண்ணாந்து பார்ப்பதற்கான கோயில் அல்ல, கிழவர் நுழைந்து மறைவதற்கான வாசல். படத்தின் உயிர்ப்பான இடம் சபை. ஓலையைப் பிடித்த கையையும் அதைப் பார்க்கும் முகங்களையும் ஓவியர் ஆற அமர வரைந்திருக்கிறார். பாட்டன் போட்ட கையெழுத்து பேரனைக் கட்டுமா என்பதுதான் கேள்வி.

மலையகத்தவர் இந்தப் படத்தின் முன் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பார்கள். பக்திக் கதையில் ஓலை காட்டுவது இறைவனுக்கும் அடியவனுக்கும் உள்ள பிரிக்க முடியாத உறவை. நம் வரலாற்றிலோ காகிதத்துக்கு வேறு வேலை இருந்தது. "துண்டு" என்ற சொல்லைத் தோட்டத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் அவரை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டு அது. கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால், கடன் ஆளோடு சேர்ந்து இடம் மாறும், தீராது. இந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது கேள்வி மறுபடியும் பாட்டனிடமே போய் நின்றது. உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், எழுத்தில் காட்டு என்றார்கள். காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

பெயருள்ள கல், முகமுள்ள சுவர்

டிரைப் குனிந்து பார்த்த கல்வெட்டுகளுக்கு வருவோம். பெரிய கோயிலின் கல்வெட்டுகள் கோயிலுக்குக் கொடுத்த பொன், நகை, விளக்கு, நிலம் ஆகியவற்றை மட்டுமல்ல, வேலை செய்தவர்களையும் கணக்கெடுத்தன. நீண்ட கல்வெட்டு ஒன்று, வேறு வேறு ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகச் சொல்கிறது. திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் என்று அவர்களுடைய பழைய ஊர்களையும் குறிக்கிறது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் அவர்களுக்கு வரிசை வரிசையாக வீடு. எந்தச் சேரி, எந்தச் சிறகு, அதில் எத்தனையாவது வீடு, அதில் யார் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளையும் பங்கு. ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆட்டம் கற்பிக்கும் ஆசான்கள், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கிடுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் என்று மற்றப் பணியாளரின் பட்டியலும் தொடர்கிறது.

சிறகு என்று கல்வெட்டு சொல்லும் அந்த வரிசையை லயத்தில் வளர்ந்தவர்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். அரசன் கட்டளையால் ஊர் பெயர்ந்து வந்த பெண்கள். வேலையோடு சேர்ந்த வீடு. ஆள் போனால் அதே குடும்பத்திலிருந்து அடுத்த ஆள். இரண்டும் ஒன்றே என்று சொல்ல முடியாது. அந்தப் பெண்களுக்குப் பங்கும் பெயரும் கல்லில் உறுதியாக எழுதப்பட்டன. லயத்துக் காம்பராவுக்கு அப்படி ஓர் உறுதி இன்றுவரை பெரும்பாலான குடும்பங்களிடம் இல்லை. ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு பல தேர்தல்களாகக் கேட்கிறது.

இன்னொரு கல்வெட்டு நேரடியாக இலங்கையைத் தொடுகிறது. ஈழமான மும்முடிச்சோழமண்டலத்தில் இருந்த ஊர்கள் சிலவற்றை இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்தான். அவை நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் செலுத்த வேண்டும். கொட்டியாரத்தின் பெயர் அதில் வருகிறது. போரில் பிடித்த நாட்டின் விளைச்சலும் அந்தக் கோயிலைத் தாங்கியது என்பதைப் பெருமைப் பேச்சில் நாம் விட்டுவிடுகிறோம். பொன்னம்பல ஓவியத்தின் அழகைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது ஓவியத்துக்குத் திரும்பினால் ஒன்று விளங்கும். கல்வெட்டில் நானூறு பெண்களின் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. சுவரில் ஆடும், பாடும், கூடிநின்று வழிபடும் பெண்களின் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. கல்லில் பெயர் பெற்றவர்களைப் போன்ற பெண்களைப் பார்த்தே சுவரில் வரைந்திருக்கலாம். நிரூபிக்க முடியாது. வரைந்த ஓவியர்களின் பெயரும் நமக்கு வரவில்லை.

நம் பக்கத்துப் படங்கள்

தேயிலைக் காலத்திலும் படங்கள் நிறைய எடுக்கப்பட்டன. ஸ்கீன், பிளாட்டே போன்ற கொழும்புப் புகைப்பட நிறுவனங்கள் தோட்டக் காட்சிகளைப் படமாகவும் தபால் அட்டையாகவும் விற்றன. துரை பங்களா, தொழிற்சாலை, மலைச்சரிவு, கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண்கள். அவற்றில் பெண்கள் நிற்கும் இடம் டேனியல் படத்து மனிதர்கள் நிற்கும் இடம்தான். காட்சிக்கு நிறமாக, தோட்டத்தின் பரப்புக்கு அளவுகோலாக நிற்கிறார்கள். அடியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், பெண்ணின் பெயர் இருக்காது.

ஹப்புத்தளையில் உள்ள அடிஷாம் பங்களா இந்தப் பகுதியில் அதிகம் படமெடுக்கப்படும் கட்டடங்களில் ஒன்று. சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டி, 1931இல் முடித்த மாளிகை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தான் பிறந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். கென்டில் உள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் கட்டியது என்பார்கள். அதாவது அந்தக் கட்டடமே தொலைவில் விட்டுவந்த ஒரு கட்டடத்தின் படம். ஊர் விட்டு வந்த துரை தன் ஊரைக் கல்லில் நிறுத்திக்கொண்டார். ஊர் விட்டு வந்த தொழிலாளி கலண்டர் படமாகச் சுவரில் மாட்டிக்கொண்டார். ஏக்கம் இருவருக்கும் இருந்தது. அதைக் கட்டி எழுப்பும் வசதி ஒருவருக்குத்தான் இருந்தது. இன்று அந்த மாளிகை பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிர்களோடு, வீடுகளுக்குள் இருந்த எல்லாமும் போயின. அந்த லயங்கள் எப்படி இருந்தன என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு எத்தனை படங்கள் இருக்கும்? சரிவுக்குப் பிந்திய படங்கள் நாளிதழ்களில் நிறைய உண்டு. சரிவுக்கு முந்திய வாசல், அடுப்படி, கோயில் மரம், பிரட்டுக்களம் ஆகியவற்றின் படங்கள் குடும்பங்களின் கைகளில்தான் இருந்திருக்கும். அவற்றிலும் பல மண்ணுக்குள் போயிருக்கும்.

தஞ்சை ஓவியம் இங்கேதான் நமக்கு வேலை வைக்கிறது. கட்டடத்தை வரைவது என்றால் அதன் உயரத்தை வரைவது மட்டும் அல்ல என்று அந்த ஓவியர்கள் காட்டியிருக்கிறார்கள். கல்யாணச் சமையலையும் சபைக் கூட்டத்தையும் ஓலை பிடித்த கையையும் அவர்கள் கயிலைக்கு அடியில், அதே சுவரில் வரைந்தார்கள். லயத்தின் வாசலும் வரையப்பட வேண்டிய கட்டடம்தான். நம் பிள்ளைகளின் சித்திரப் பாடத்தில் கோபுரத்தோடு அதையும் வரையச் சொல்லலாம். வரைந்த படத்தின் பின்பக்கம் வீட்டில் இருப்பவர்களின் பெயரையும் திகதியையும் எழுதி வைக்கச் சொல்லலாம்.

எங்கே, எப்படிப் பார்ப்பது

ஓவியங்கள் உள்ள சாந்தார நடைபாதைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. மூச்சுக்காற்றின் ஈரமும் கைபடுவதும் வண்ணங்களைக் கெடுக்கும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. கோயில் வளாகத்தில் தொல்லியல் துறை வைத்திருக்கும் விளக்கக் கூடத்தில் ஓவியங்களின் பெரிய படங்களைக் காணலாம். தமிழ்நாட்டுக்கு யாத்திரை போகிறவர்கள் பெரும்பாலும் கருவறைத் தரிசனம், நந்தி, விமானம் என்று பார்த்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். அந்தக் கூடத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குவது வீண்போகாது. அப்படியே கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி நடந்து, கல்வெட்டுகளையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். பழைய எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும், எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் காண்பதே ஒரு பாடம்.

போக முடியாதவர்களுக்குப் புத்தகங்களிலும் இணையத்திலும் நல்ல படங்கள் உண்டு. பார்க்கும்போது சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். கட்டடம் படத்தில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது? மனிதர்கள் கட்டடத்துக்காக நிற்கிறார்களா, கட்டடம் மனிதர்களுக்காக நிற்கிறதா? ஓவியர் எங்கே நின்று பார்த்திருக்கிறார்? கட்டடம் இன்று இருப்பதற்கும் படத்தில் இருப்பதற்கும் என்ன வேறுபாடு, எது பின்னால் வந்து சேர்ந்தது? வேலை செய்தவர்கள் படத்தில் எங்கே?

இந்தக் கேள்விகளை வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டர் படத்திடமும் கேட்கலாம். மீனாட்சி கோபுரத்தின் அடியில் புள்ளி புள்ளியாக யாராவது நிற்கிறார்களா என்று உற்றுப் பார்க்கலாம். பெரும்பாலான கலண்டர்களில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆள் இல்லாத கோபுரம் சுத்தமாக இருக்கும் என்று அச்சகத்தார் எண்ணியிருப்பார்கள். தஞ்சை நடைபாதையில் இருட்டில் நின்று வரைந்தவர்கள் அப்படி எண்ணவில்லை.